டி செல்லை அடக்க எந்தச் சேனலை அடைப்பது?

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "அக்கா, ஆட்டோ இம்யூன் நோய்க்கு அயனிச் சேனல் வழியா மருந்து தேடலாம்னு நினைக்கிறேன், எந்தச் சேனலை எடுக்கட்டும்?" நோய் எதிர்ப்பு செல்கள், முக்கியமாக டி செல் என்ற வெள்ளணுக்கள், தன் உடம்பையே தாக்குவது ஆட்டோ இம்யூன் நோய். செல்சவ்வில் கால்சியம், பொட்டாசியம் போன்ற மின்சுமை கொண்ட அயனிகள் போய்வரும் புரத வாசல்தான் அயனிச் சேனல். நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்த நோய், அதில் தீங்கு செய்வது எந்தச் செல், அந்தச் சேனலை எத்தனை நாளைக்கு அடைத்து வைக்க உத்தேசம் என்று மூன்றையும் திருப்பிக் கேட்பேன். இவற்றுக்குப் பதில் இல்லாமல் "இதுதான் முக்கியமான சேனல்" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், மூன்றாம் வருடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான சேனல் வேறு, அடைக்கத் தகுந்த சேனல் வேறு. நான் சொல்ல வருவது முழுக்க இதுதான்.

களத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். கால்சியத்தை உள்ளே விடும் ஓராய்1. பொட்டாசியத்தை வெளியே விடும் கேவி1.3, கேசிஏ3.1. அப்புறம் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்களில், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பட்டால் திறக்கும் பி2எக்ஸ்7. நியூட்ரோபில் என்ற வெள்ளணுவில் இருக்கும் புரோட்டான் சேனல் எச்வி1, செல்லின் பருமனைப் பார்த்துக்கொள்ளும் எல்ஆர்ஆர்சி8ஏ என்று இன்னும் பல உண்டு, அவையும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் கிருமியை எரிக்கும் வேலைக்கே எச்வி1 கைகொடுக்கிறது, அதை அடைத்தால் நோயாளிக்கு வேறு வம்பு வரும் என்ற பயம் இருக்கிறது. அதனால் இங்கே இந்த நாலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் டி செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். செல்லுக்கு வெளியே கால்சியம் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிமோல், உள்ளே வெறும் 50 முதல் 100 நானோமோல். பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். கரை முட்ட நிற்கும் ஏரி வெளியே, காய்ந்த வயல் உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். டி செல் தன் ஏற்பியால் எதிரியை அடையாளம் கண்டதும் உள்ளே ஐபி3 என்ற மூலக்கூறு உண்டாகிறது, அது செல்லின் உட்கிடங்கான எண்டோபிளாச வலையிலிருந்து கொஞ்சம் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கிடங்கு காலியானதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, செல்சவ்வுக்கு அருகே போய் ஓராய்1 மதகைத் திறக்கிறது. வெளியே இருந்து கால்சியம் பாய்கிறது. இது ஒரு நிமிடப் பாய்ச்சலாக இருந்தால் போதாது. என்ஃபேட் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அங்கேயே தங்கி, டி செல்லைப் பெருக வைக்கும் இன்டர்லூக்கின்-2 மாதிரியான மரபணுக்களை இயக்க வேண்டும் என்றால் பல மணி நேரம் கால்சியம் உயர்ந்தே இருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஒவ்வொரு கால்சியமும் இரண்டு நேர்மின்சுமையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. செல்லின் உட்புறம் வழக்கமாக மைனஸ் 50, 60 மில்லிவோல்ட்டில் இருக்கும், அந்த எதிர்மின்னழுத்தம்தான் கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. வரவர நேர்மின்சுமை சேர்ந்தால் இழுவை குறையும், பாய்ச்சல் தானே நின்றுவிடும். அதனால் உள்ளே வந்த மின்சுமைக்கு ஈடாக ஏதாவது வெளியேற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கலிங்குகள்தான் இரண்டு பொட்டாசியச் சேனல்களும். உட்புறத்தின் அந்த எதிர்மின்னழுத்தம் குறையும்போது கேவி1.3 திறக்கும். கால்சியம் உயர்ந்தால், தன்னோடு ஒட்டியிருக்கும் கால்மாடுலின் என்ற புரதத்தின் வழியாக அதை அறிந்து கேசிஏ3.1 திறக்கும். ஏரியில் கலிங்கை அடைத்தால் தண்ணீர் ஏறிக் கரை உடையும். செல்லில் அப்படி எதுவும் உடையாது, வரத்து நின்று செல் அமைதியாகிவிடும், அவ்வளவுதான். பொட்டாசியச் சேனலை மருந்துக் குறியாகப் பார்க்க வைப்பதே இந்த வித்தியாசம்.

சரி, ஓராய்1-லிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் மயங்குவது இதில்தான். கதையும் அப்படிப்பட்டது. கிடங்கு காலியானால் வெளிவாசல் திறக்கும் என்று 1986-இல் ஜேம்ஸ் புட்னி கருத்தாகச் சொன்னார். 1992-இல் ஹோத், பென்னர் இருவரும் ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்லில் அந்த மின்னோட்டத்தை அளந்து காட்டினார்கள், கிராக் மின்னோட்டம் என்று பெயர் வந்தது. ஆனால் அதற்குரிய புரதம் எது என்று தெரிய 2005 வரை, 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் ஸ்டிம்1 அகப்பட்டது, அடுத்த வருடம் ஓராய்1. அகப்பட்ட விதம்தான் மனதைத் தொடுவது: ஒரே குடும்பத்தில் பிறந்து, கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாட்டோடு வந்த இரு குழந்தைகள். டி செல் எண்ணிக்கையில் குறையில்லை, ஆனால் எந்தச் செல்லும் வேலை செய்யவில்லை, கால்சியம் உள்ளே போகவே இல்லை. ஓராய்1 புரதத்தில் 91-ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோபேன் வந்துவிட்டது, அந்த ஒரே ஒரு மாற்றம்தான்.

இதைப் படித்ததும் "அப்படியானால் ஓராய்1-ஐ அடைத்தால் டி செல் முழுசாக அடங்கிவிடுமே" என்று தோன்றும். அடங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே நோய்க்கதையின் அடுத்த பகுதியையும் படிக்க வேண்டும். இந்தச் சேனல் கெட்டுப்போன குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றிவைத்தால் நோய் எதிர்ப்பு திரும்புகிறது, ஆனால் தசைத் தளர்ச்சி போவதில்லை, பல் எனாமல் குறை அப்படியே இருக்கிறது, வியர்வையும் சரியாகச் சுரப்பதில்லை. ஓராய்1 தசையிலும் பல்லிலும் வியர்வைச் சுரப்பியிலும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிய சொரியாசிஸ் நோயாளிக்கோ முடக்குவாத நோயாளிக்கோ இதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. இன்னொன்றும் இருக்கிறது. இதே பாதையில் ஓராய்1-க்கு அடுத்த படியான கால்சினியூரின் என்ற நொதியை அடைக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தே மருத்துவர்கள் அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். ஓராய்1 தடுப்பான் அவற்றைவிட எந்த விதத்தில் மேல் என்று காட்டினால்தான் அதற்கு இடம்.

ஆனால் ஓராய்1 வேண்டாம் என்று நான் தள்ளவில்லை. காலம் குறைவாக இருக்கும் நோய்களில் கணக்கே மாறிவிடுகிறது. கடும் கணைய அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கணையச் செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி நிறைந்து அந்தச் செல்லே தன்னைச் செரித்துக்கொள்கிறது, அதோடு நோய் எதிர்ப்பு செல்களும் சேர்ந்து கொளுத்துகின்றன. இரண்டு இடத்திலும் ஓராய்1 இருக்கிறது. எங்கும் பரவியிருப்பது என்ற அதன் குறையே இங்கே பலம். ஐசியூவில் சில நாள் மட்டும் நரம்பு வழியாகக் கொடுத்து நிறுத்திவிடலாம், பல் எனாமலைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நாள் ஆகாது. சிஎம்4620 என்ற தடுப்பானைக் கணைய அழற்சியிலும் கடும் கோவிட் நிமோனியாவிலும் மனிதர்களிடம் சோதித்தது இந்த நியாயத்தில்தான். இது எனக்கு ஒப்புகிறது.

இனி கலிங்குகள் இரண்டும். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான தேர்வு இவற்றுக்கு இடையில்தான்.

மனித டி செல்லில் மின்னழுத்தத்தால் திறக்கும் பொட்டாசியச் சேனல் இருக்கிறது என்று 1984-இல் நேச்சர் இதழில் எழுதியவர்கள் டிகோர்சி, சாண்டி, குப்தா, கஹாலன். அதே வருடம் மேட்டசன், டாய்ச் இருவரும் தனியாகக் கண்டு சொன்னார்கள். நரம்பிலும் தசையிலும்தான் இப்படிப்பட்ட சேனல் இருக்கும் என்று நம்பிய காலம் அது. ரத்தத்தில் மிதக்கும் செல்லுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இந்த நால்வரில் ஜார்ஜ் சாண்டி நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். இந்தச் சேனலோடு அவர் வாழ்நாள் முழுக்க இருந்திருக்கிறார் என்பதைப் புதிதாக வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

ஓய்வில் இருக்கும் மனித டி செல்லில் கேவி1.3 சேனல்கள் ஏறக்குறைய 200, 300 இருக்கும், கேசிஏ3.1 பத்து இருபதுதான். செல் தூண்டப்பட்ட பிறகு யார் எதைக் கூட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம். இதுவரை எதிரியையே பார்க்காத புதுச் செல்களும், நிணநீர்க் கணுக்களில் தங்கும் மைய நினைவு செல்களும் கேசிஏ3.1-ஐக் கூட்டுகின்றன, செல்லுக்கு 500 வரை போகும். திசுக்களுக்குள் நேரே பாய்ந்து அழற்சி உண்டாக்கும் செயல்திறன் நினைவு செல்கள், சிசிஆர்7 என்ற மேற்பரப்பு அடையாளப் புரதத்தை இழந்தவை, கேவி1.3-ஐக் கூட்டுகின்றன, 1,500 அளவுக்கு. மல்டிபிள் ஸ்களீரோசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில், நரம்பின் உறையான மயலினைத் தாக்கும் டி செல்களை எடுத்துப் பார்த்தபோது அவை இந்தக் கேவி1.3 நிறைந்த வகை என்று ஹைக்கே வுல்ஃப், சாண்டி ஆகியோரின் குழு 2003-இல் காட்டியது. 2006-இல் முதல் வகை நீரிழிவு நோயாளிகளிடமும் முடக்குவாத நோயாளிகளின் மூட்டு நீரிலும் அதே படம் கிடைத்தது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காக மீண்டும் மீண்டும் தன் உடம்பையே பார்த்துப் பார்த்துத் தூண்டப்பட்ட செல், செயல்திறன் நினைவு செல்லாக மாறி, கேவி1.3-ஐயே நம்பி நிற்கிறது. புதுக் கிருமியை எதிர்க்க வேண்டிய புதுச் செல்லும், பழைய தடுப்பூசியை நினைவில் வைத்திருக்கும் மைய நினைவு செல்லும் தூண்டப்பட்டதும் கேசிஏ3.1 பக்கம் போய்விடுகின்றன. ஆகக் கேவி1.3-ஐ மட்டும் அடைத்தால் குற்றம் செய்தவனுக்கு மட்டும் விலங்கு, ஊருக்கு ஊரடங்கு இல்லை. எலிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள்: கேவி1.3-ஐ அடைத்தபோது தோல் அழற்சி அடங்கியது, திசுவுக்குள் ஓடித்திரிந்த நினைவு செல்கள் நின்றுவிட்டன, ஆனால் இன்ஃபுளூயன்சாவையோ கிளமிடியாவையோ விரட்டும் சக்தி கெடவில்லை. 2008-இல் வந்த அந்தக் கட்டுரையை நான் இன்னும் மாணவர்களுக்கு முதல் வாசிப்பாகக் கொடுக்கிறேன்.

தடுப்பான்களின் கதையும் கேவி1.3 பக்கம் வளமாக இருக்கிறது. கரீபியக் கடலில் வாழும் ஸ்டைக்கோடாக்டைலா ஹீலியாந்தஸ் என்ற கடல் சாமந்தியின் நஞ்சில் 35 அமினோ அமிலங்களால் ஆன எஸ்எச்கே என்ற பெப்டைடு இருக்கிறது, மூன்று டைசல்ஃபைடு பாலங்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சேனலின் வாயில் கார்க் மாதிரி போய் உட்காரும். ஆனால் நரம்பில் இருக்கும் கேவி1.1-ஐயும் அதே வேகத்தில் அடைக்கும் என்பதால் அப்படியே மருந்தாகாது. அதை மாற்றி மாற்றி, கேவி1.3-ஐ மட்டும் பல மடங்கு விரும்பும் எஸ்எச்கே-186 ஐ உண்டாக்கினார்கள், அதற்குப் பெயர் டலாசடைடு. பிளேக் சொரியாசிஸ் உள்ள 24 பேரிடம் நான்கு வாரம், வாரம் இரண்டு ஊசி என்று நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வெளியானது. கை, கால், வாயைச் சுற்றிச் சிறிது நேரம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு வந்தது, தானே போய்விட்டது. 60 மைக்ரோகிராம் பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் சற்று மேம்பட்டது. 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் மனிதருக்குள் கேவி1.3-ஐ அடைத்தும் பெரிய ஆபத்து வரவில்லை என்ற ஒரு செய்திக்காகவே அது முக்கியம்.

பெப்டைடு என்றால் ஊசிதான், வயிற்றில் செரித்துவிடும். வாயில் விழுங்கும் மருந்து வேண்டும் என்றால் பேப்-1 இருக்கிறது. அதன் பூர்வீகம் நமக்குப் பழக்கமான செடி. வயிற்றுவலியில் அழும் குழந்தைக்குக் கொடுக்கும் அருவதா, அதாவது சதாப்பு இலையில் 5-மெத்தாக்சி சோராலன் என்ற பொருள் இருக்கிறது, பொட்டாசியச் சேனலை லேசாக அடைக்கும். அந்த அமைப்பை வைத்துக்கொண்டு வுல்ஃப் குழு படிப்படியாகச் செதுக்கியதுதான் பேப்-1. அதனால் அருவதாவைக் கசக்கிக் குடித்தால் மூட்டுவலி போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், செடியில் இருப்பதற்கும் செதுக்கிய மூலக்கூறுக்கும் வீரியத்தில் பல மடங்கு தூரம். இன்னொரு செய்தியும் சொல்ல ஆசை. தொழுநோய்க்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் இருக்கும் கிளோஃபாசிமின், தோலைக் கறுக்க வைக்குமே, அதுவும் கேவி1.3-ஐ அடைக்கிறது என்று 2008-இல் தெரிந்தது. தொழுநோயின் அழற்சி எதிர்வினைகளில் இந்த மருந்து தனியாகவே நிவாரணம் தருவதை மருத்துவர்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கண்டிருந்தார்கள். அதில் இந்தச் சேனலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேசிஏ3.1-க்கு வேறு விதமான பலம். இதன் வேர், கால்சியம் ஏறினால் பொட்டாசியம் வெளியேறும் என்று 1958-இல் கார்டோஷ் சிவப்பணுக்களில் கண்ட விளைவுவரை போகிறது. பூஞ்சைக் களிம்பில் இருக்கும் கிளோட்ரிமசோல் இதை அடைக்கும் என்று தெரிந்து, அதன் கல்லீரல் தொல்லையை நீக்கி டிராம்-34 செய்தார்கள். செனிகாபாக் என்ற இன்னொரு தடுப்பான் அரிவாள் செல் நோய்க்கு மூன்றாம் கட்டச் சோதனைவரை போனது. சிவப்பணு உடைவது குறைந்தது, ஹீமோகுளோபின் ஏறியது, ஆனால் நோயாளிக்கு உண்மையில் தேவைப்பட்டது, அந்தக் கொடும் வலி வருவது குறைவது, கிடைக்கவில்லை. சோதனை நிறுத்தப்பட்டது. இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது: நிறையப் பேர் நெடுநாள் சாப்பிட்டுத் தாங்கிக்கொண்ட மருந்து கையில் தயாராக இருக்கிறது. மாஸ்ட் செல், மேக்ரோபேஜ், மூளையின் நோய் எதிர்ப்பு செல்லான மைக்ரோகிளியா, நார்த்திசு உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாவற்றிலும் கேசிஏ3.1 இருப்பதால், வடு கட்டும் நோய்களுக்கும் மூளை அழற்சிக்கும் இதை எடுப்பவரை நான் தடுக்க மாட்டேன். ஆனால் நாள்பட்ட டி செல் நோய்க்கு இது சரியான குறி இல்லை. குற்றவாளிச் செல் இதை நம்பி இல்லையே, அடைத்து என்ன பயன்? புது எதிர்ப்புகளை முளையிலேயே அடக்க வேண்டிய இடம் வேறு, அங்கே இதை நினைக்கலாம்.

பி2எக்ஸ்7 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது ஒரு பாடமாகவே எனக்குப் படுகிறது. செல் உடைந்தால் உள்ளிருந்த ஏடிபி வெளியே சிந்தும், அது மிக அதிக அளவில் சேர்ந்தால்தான் பி2எக்ஸ்7 திறக்கும். திறந்ததும் மேக்ரோபேஜிலிருந்து பொட்டாசியம் கொட்டும், உள்ளே பொட்டாசியம் குறைந்ததை உணர்ந்து என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டமைப்பு எழும், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியே வரும். காகிதத்தில் இதைவிட அழகான குறி கிடையாது. முடக்குவாதத்துக்கு ஏஇசட்டி9056, சிஇ-224,535 என்று இரண்டு தடுப்பான்களைச் சோதித்தார்கள், 2012-இல் முடிவுகள் வெளியாயின, இரண்டும் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. சேனல் அடைபட்டது, நோய் அசையவில்லை. முடக்குவாதத்தில் அழற்சிக்கு வேறு பல வழிகள் திறந்தே இருக்கும்போது இந்த ஒரு வாசலைச் சாத்தி என்ன ஆகும்? ஒரு சேனல் ஒரு பாதையில் தவிர்க்க முடியாதது என்பதால் அது ஒரு நோயில் தவிர்க்க முடியாதது ஆகிவிடாது. நீங்கள் பி2எக்ஸ்7 எடுப்பதானால், உண்மையிலேயே என்எல்ஆர்பி3தான் நோயை ஓட்டுகிறது என்று காட்டக்கூடிய நோயைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கையால் செய்யும் வேலைக்கு வருகிறேன், மூன்று வருடம் உங்கள் பொழுது அங்கேதான் போகும்.

சுண்டெலியை வைத்துக் கேவி1.3 ஆய்வு செய்யாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்ட வேண்டும். நான் தொடங்கிய காலத்தில் சுண்டெலி மண்ணீரல் டி செல்லில் ஏழு மாதம் கேவி1.3 தடுப்பானைப் போட்டுப் பார்த்தேன், செல்கள் எப்போதும் போலப் பெருகின. மருந்து கெட்டிருக்கும் என்று நினைத்து இரண்டு தடவை புதிதாக வரவழைத்தோம், எங்கள் நிலைமைக்கு அந்தச் செலவு பெரியது. பிறகுதான் புரிந்தது: சுண்டெலியின் டி செல்லில் வேறு பொட்டாசியச் சேனல்களும் இருக்கின்றன, ஒன்றை அடைத்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்கிறது. கேவி1.3 மரபணுவையே நீக்கிய சுண்டெலிகூட நோய் எதிர்ப்பில் பெரிதாகத் தடுமாறுவதில்லை. அதற்கு மாறாக மோப்ப சக்தி அபாரமாகக் கூடிவிடுகிறது, ஏனென்றால் அந்தச் சேனல் மூளையின் மோப்பக் குமிழிலும் இருக்கிறது. சுண்டெலி வேறு, பெரிய எலி (ரேட்) வேறு; பெரிய எலியின் டி செல் மனிதருடையதை ஒத்தது, ஆக விலங்கு வேண்டுமானால் பெரிய எலி, இல்லையென்றால் ரத்த வங்கியில் மீதமாகும் வெள்ளணுப் படலத்தை வாங்கி மனித செல்லிலேயே வேலை செய்யுங்கள். பி2எக்ஸ்7-லும் இதே வகைக் கண்ணி ஒன்று உண்டு, எல்லாரும் பயன்படுத்தும் சி57பிளாக்6 சுண்டெலியில் அந்தச் சேனல் ஒரு மரபணு மாற்றத்தால் மந்தமாகவே இருக்கும். மனிதரிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு நிறைய, ஒரு கொடையாளர் செல்லில் பிரமாதமாக வந்த முடிவு அடுத்தவரிடம் வராது.

அளக்கும் முறையிலும் வேறுபாடு பெரியது. பிப்பெட் என்ற நுண்குழாயைச் செல்சவ்வில் ஒட்டிச் சேனலின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் கருவி உங்கள் கூடத்தில் இருக்கிறதா, அதில் உட்கார்ந்து கற்றுத்தர ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கேவி1.3 கைக்கு இதமானது, ஒரு செல்லிலிருந்து நூற்றுக்கணக்கான பைக்கோஆம்பியர் வரும், திரையில் தெளிவாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை மட்டும்: நொடிக்கு ஒரு முறை துடிப்புக் கொடுத்தால் மின்னோட்டம் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போகும். புதிதாக வருகிறவர் செல் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார். செல் சாகவில்லை, சேனல் மூடிய நிலையிலிருந்து மீள நேரம் கேட்கிறது, 30 நொடிக்கு ஒன்று என்று கொடுத்தால் முழு அளவில் திரும்ப வரும். இந்தக் குணமே கேவி1.3-இன் கைரேகை. கேசிஏ3.1-க்கு பிப்பெட் திரவத்தில் 1 மைக்ரோமோல் அளவுக்குக் கட்டற்ற கால்சியம் வைத்து, மைனஸ் 120-லிருந்து ஏறும் சாய்வு மின்னழுத்தம் கொடுங்கள். கேவி1.3 மூடியிருக்கும் பகுதியிலேயே இது தெரிந்துவிடும், ஒரே செல்லில் இரண்டையும் எண்ணிவிடலாம். ஓராய்1 நேர்மாறு. அதன் மின்னோட்டம் மிக மிகச் சிறியது, ஒற்றைச் சேனலைப் பார்க்கவே முடியாது, முழுச் செல்லிலும் சில பைக்கோஆம்பியர்தான், பழகிய கைக்கே பொறுமை போகும். ஆனால் கால்சியத்தைக் காட்டும் ஃபியூரா-2 சாயம் ஏற்றி, தாப்சிகார்ஜின் போட்டுக் கிடங்கைக் காலிசெய்து, பிறகு கால்சியத்தைச் சேர்த்தால் ஒரு பிற்பகலில் அழகான வளைவு கிடைத்துவிடும். பேட்ச் கிளாம்ப் இல்லாத கூடத்துக்கு ஓராய்1-உம் பி2எக்ஸ்7-உம் எளிது என்பது உண்மைதான். வசதிக்காக மட்டும் அதை எடுத்துவிட்டு நோயின் பெயரைப் பின்னால் ஒட்டவைப்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

ஆக என் பதில் இது. சொரியாசிஸ், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்களீரோசிஸ், முதல் வகை நீரிழிவு மாதிரி நினைவு செல்கள் வருடக்கணக்கில் ஓட்டும் நோய் என்றால் யோசிக்காமல் கேவி1.3 எடுங்கள். முதல் சோதனையாக நோயாளி ரத்தத்தில் சிசிஆர்7 இல்லாத செல்களைத் தனியே பிரித்து, தூண்டி, இரண்டு பொட்டாசியச் சேனல்களையும் எண்ணுங்கள். கேவி1.3 கூடவில்லை என்றால் உங்கள் நோய்க்கு இந்தச் சேனல் இல்லை, அந்த முடிவை மூன்றாம் மாதத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. சில நாளில் உயிரைக் காப்பாற்ற வேண்டிய கடும் அழற்சி என்றால் ஓராய்1. வடுவும் மைக்ரோகிளியாவும் என்றால் கேசிஏ3.1, செனிகாபாக் இருப்பதால் மருத்துவச் சோதனைவரை போகும் தூரமும் குறைவு. பி2எக்ஸ்7-ஐ நோய் தெளிவாகும்வரை தள்ளிவைப்பேன்.

கடைசியாக, புற்றுநோய்ப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. அங்கே எல்லாம் தலைகீழ். கட்டிக்குள் செல்கள் செத்துச் செத்துப் பொட்டாசியம் கசிந்து, செல்களுக்கு இடையே உள்ள நீரில் அதன் அளவு லிட்டருக்கு 40 மில்லிமோல்வரை ஏறிவிடுகிறது, ரத்தத்தில் அது 5-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பொட்டாசியம் டி செல்லுக்குள்ளும் ஏறி அதைச் செயலிழக்கச் செய்கிறது. 2016-இல் வந்த ஒரு ஆய்வில் டி செல்களுக்குக் கேவி1.3 மரபணுவைக் கூடுதலாகக் கொடுத்து, உள்ளே தேங்கிய பொட்டாசியத்தை வெளியேற்ற வைத்தார்கள், அந்தச் செல்கள் சுண்டெலிகளில் கட்டியை நன்றாகவே தாக்கின. அங்கே கலிங்கை அடைக்கக் கூடாது, அகலப்படுத்த வேண்டும். அதற்கு எஸ்எச்கே புட்டி தேவையில்லை, மரபணுவை ஏற்றும் வெக்டாரும் செல் வளர்க்கத் தெரிந்த கையும்தான் தேவை.